சண்டையில் பிறந்த சட்டங்கள்
(திருப்பதியில் தமிழன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கம்பனைப் பற்றிப் பேசுவார், ஆழ்வார்களைப் பற்றிப் பேசுவார் என்று நம்பி வந்த பெரியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். மலையடிவாரத்தில் நின்றுகொண்டு நான் இன்று பேசப் போவது விளையாட்டைப் பற்றி. அதிலும் துடைப்பத்தின்மீது ஏறிப் பறந்து ஆடுகிற, உலகத்தில் இல்லாத ஓர் ஆட்டத்தைப் பற்றி. அதை நம் கபடியோடும் கிரிக்கெட்டோடும், நம் ஊர் மாட்டுப் பொங்கலோடும் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன். கற்பனை ஆட்டம் பெரிய குழப்பமா, நிஜ ஆட்டம் பெரிய குழப்பமா? இதுதான் இன்றைய வழக்கு. தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

ஹாரி பாட்டர் நாவல்களைப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். முதல் நாவல் 1997இல் வந்தது. தமிழிலும் இருக்கிறது, தெலுங்கிலும் இருக்கிறது. ஜே.கே. ரௌலிங் அந்த மந்திர உலகத்துக்கென்றே ஓர் ஆட்டத்தைப் படைத்தார். பெயர் க்விடிச். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். எல்லோரும் துடைப்பத்தின்மேல் பறக்கிறார்கள். மூன்று பேர் ஒரு பந்தை வளையத்துக்குள் போட்டால் பத்துப் புள்ளி. ஒருவர் வளையத்தைக் காக்கிறார். ஆட்களைத் துரத்தித் துரத்தி மோதுகிற முரட்டுப் பந்துகள் இரண்டு உண்டு. இரண்டு பேர் மட்டையோடு அவற்றை விரட்டுகிறார்கள். ஏழாவது ஆளுக்கு ஒரே வேலைதான். சிறகு முளைத்த சின்னஞ்சிறு தங்கப் பந்து ஒன்று கண்ணில் படாமல் பறந்துகொண்டிருக்கும். அதைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் நூற்றைம்பது புள்ளி. ஆட்டமும் அத்தோடு முடிந்தது. அந்த ஏழாவது ஆள் யார்? வேறு யார், கதாநாயகன் ஹாரிதான்!

இதைக் கேட்டதும் விளையாட்டுத் தெரிந்தவர்கள் என்ன சொல்வார்கள்? நம் தெருப் பிள்ளைகள் பாஷையில் ஒரே வார்த்தை: போங்காட்டம்! ஆறு பேர் உயிரைக் கொடுத்துப் பத்துப் பத்தாகச் சேர்ப்பார்களாம். ஒருவன் மட்டும் தனியாகச் சுற்றிவிட்டு வந்து பதினைந்து கோலுக்குச் சமமான புள்ளியை ஒரே பிடியில் வாங்கிப் போவானாம். இது என்ன நியாயம்?

அந்த ஆட்டத்தின்மேல் மூன்று குற்றச்சாட்டுகள் உண்டு. புள்ளிக் கணக்கு அநியாயம். ஆட்டத்துக்குக் கால எல்லை கிடையாது. விதிகள் ஒரே சிக்கல். மூன்றும் உண்மை. ஆனால் குற்றம் சாட்டுகிற நம் கைகள் சுத்தமா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் குற்றச்சாட்டு, புள்ளிக் கணக்கு. 2019 ஜூலை 14ஆம் தேதி ராத்திரி இந்த ஊரில் யார் தூங்கினீர்கள்? லார்ட்ஸ் மைதானம். உலகக்கோப்பை இறுதிப் போட்டி. நியூசிலாந்து 241, இங்கிலாந்து 241. சமம். சரி, சூப்பர் ஓவர் போடுங்கள் என்றார்கள். அதிலும் இரண்டு அணியும் பதினைந்து, பதினைந்து. மறுபடியும் சமம்! அப்புறம் கோப்பை யாருக்கு? யார் அதிகமாக பவுண்டரி அடித்தார்களோ அவர்களுக்கு. இங்கிலாந்து இருபத்தாறு, நியூசிலாந்து பதினேழு. முடிந்தது. ஓடி ஓடி எடுத்த ரன் கணக்கில் நியூசிலாந்து ஒரு ரன்கூடத் தோற்கவில்லை. கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை. இந்த விதியை ஒரு நாவலாசிரியை எழுதியிருந்தால், "அம்மா, உங்களுக்கு விளையாட்டே தெரியவில்லை" என்றுதானே சொல்லியிருப்போம்? எழுதியது சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்.

இன்னொன்றும் சொல்கிறேன். பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் புட்பால் ஆடுகிற பையன்களைப் பாருங்கள். ஒரு பக்கம் ஆறு கோல், மறுபக்கம் இரண்டு கோல். இருட்டிவிட்டது. யாரோ கத்துவான்: "அடுத்த கோல் போட்டவன் ஜெயிச்சான்!" எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஆறுக்கு இரண்டு என்ற கணக்கு காற்றில் போய்விடும். ரௌலிங்கின் தங்கப் பந்து நம் மைதானத்தில் தினமும் பறக்கிறது. நாம்தான் கவனிக்கவில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு, கால எல்லை. தங்கப் பந்து பிடிபடாவிட்டால் க்விடிச் முடியாது. மூன்று மாதம் நடந்த ஆட்டம் ஒன்று உண்டு, ஆடுகிறவர்கள் தூங்குவதற்காக மாற்று ஆட்களை இறக்க வேண்டியிருந்தது என்று நாவலில் ஒரு பாத்திரம் சொல்கிறது. படித்துவிட்டுச் சிரிக்கிறோம். 1939 மார்ச் மாதம் டர்பனில் என்ன நடந்தது தெரியுமா? தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்ட். முடிவு தெரிகிறவரை ஆடுவது என்று பேச்சு. 3ஆம் தேதி தொடங்கினார்கள். 14ஆம் தேதி வரை முடியவில்லை! இங்கிலாந்து ஜெயிக்க 696 ரன் வேண்டும். ஐந்து விக்கெட்டுக்கு 654 வரைக்கும் வந்துவிட்டார்கள். இன்னும் நாற்பத்திரண்டு ரன்தான். அதற்குள் ஊருக்குப் போகிற கப்பலுக்கு நேரமாகிவிட்டது. ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பன்னிரண்டு நாள் இழுத்த ஆட்டத்துக்கு முடிவே இல்லை. கால எல்லை இல்லாத டெஸ்ட் ஆட்டத்துக்கு அதோடு முழுக்குப் போட்டார்கள். மந்திரவாதிகளாவது தங்கப் பந்தைப் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்!

மூன்றாவது குற்றச்சாட்டு, சிக்கலான விதி. இதற்குக் கிரிக்கெட் வேண்டாம். நம் மண்ணின் ஆட்டத்துக்கே வருவோம். சடுகுடு. நம் தெலுங்கு நண்பர்கள் செடுகுடு என்பார்கள். இன்றைக்கு உலகம் கபடி என்கிறது. மூச்சடக்கிப் பாடிக்கொண்டு போ, தொடு, திரும்பி வா. இதைவிட எளிய ஆட்டம் உண்டா? ஒரு பந்து வேண்டுமா, மட்டை வேண்டுமா? ஒன்றும் வேண்டாம். அப்படியானால் 2023 அக்டோபர் 7ஆம் தேதி ஹாங்சோவில் என்ன நடந்தது?

ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆண்கள் கபடி இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28க்கு 28. நேரம் முடியப் போகிறது. இந்திய வீரர் பவன் ஷெராவத் ரெய்டு போகிறார். புரோ கபடி லீகில் தமிழ் தலைவாஸுக்கும் எடுக்கப்பட்டவர், தெலுங்கு டைட்டன்ஸுக்கும் எடுக்கப்பட்டவர். ஆகவே நமக்கு இரண்டு வகையிலும் சொந்தக்காரர். களத்தின் இரண்டு ஓரத்திலும் லாபி என்று ஒரு பட்டை உண்டு. எதிராளி ஒருவரையாவது தொட்ட பிறகுதான் அந்தப் பட்டைக்குள் கால் வைக்கலாம். பவன் யாரையும் தொடாமல் அதற்குள் கால் வைத்துவிட்டார். அவரைப் பிடிக்கப் பாய்ந்த ஈரான் ஆட்களும் அவர் பின்னாலேயே லாபிக்குள் போய்விட்டார்கள். இப்போது யார் அவுட்?

பழைய விதிப்படி, தொடாமல் உள்ளே போனவரும் அவுட், அவரைத் துரத்தி உள்ளே போனவர்களும் அவுட். புரோ கபடியில் பழகிய புதிய விதிப்படி, ரெய்டு போனவர் மட்டும் அவுட்; ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். எந்த விதி செல்லும்? நடுவர் ஒன்று சொன்னார், மாற்றிச் சொன்னார், மறுபடியும் மாற்றினார். இந்திய வீரர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். ஈரான் வீரர்களும் உட்கார்ந்தார்கள். தங்கப் பதக்க ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு நின்றுபோனது. கடைசியில் இந்தியாவுக்கு நான்கு, ஈரானுக்கு ஒன்று என்று தீர்த்தார்கள். மீதி ஆட்டமும் முடிந்தபோது 33க்கு 29 என்று நாம் ஜெயித்தோம்.

பக்கத்துக்கு ஏழு பேர் பாடிக்கொண்டு ஆடுகிற ஆட்டத்தில் இத்தனை சிக்கல்! சொல்லுங்கள், எது குழப்பமான ஆட்டம்?

"அப்படியென்றால் இரண்டும் ஒன்றுதானே, எதற்கு ஒப்பீடு?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இங்கேதான் என் பேச்சு தொடங்குகிறது. இரண்டிலும் சிக்கல் உண்டு. ஆனால் அந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது?

கிரிக்கெட் மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்துக்குமேல் கூடாது. ஏன்? 1771இல் ஒயிட் என்ற ஆட்டக்காரர் ஸ்டம்பையே மறைக்கிற அகலத்துக்கு ஒரு மட்டையைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு வந்தார். எதிரணி ஹாம்பிள்டன்காரர்கள் விடுவார்களா? சண்டை. சில ஆண்டுகளில் அகலத்துக்கு அளவு வந்தது. அந்தக் காலத்தில் ஸ்டம்பு இரண்டுதான். 1775இல் லம்பி ஸ்டீவன்ஸ் என்பவர் போட்ட பந்து, ஒரே ஆட்டத்தில் திரும்பத் திரும்ப அந்த இரண்டுக்கும் நடுவில் புகுந்து போனது. ஆள் அவுட் இல்லை. பந்து போட்டவன் வயிறு எரியாதா? பிறகுதான் நடுவில் மூன்றாவது ஸ்டம்பு முளைத்தது.

1981 பிப்ரவரி 1ஆம் தேதி மெல்பர்னில் கடைசிப் பந்து. ஆட்டத்தைச் சமன் செய்யவே நியூசிலாந்துக்கு ஆறு ரன் வேண்டும். ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக் சாப்பல் தன் தம்பி டிரெவரிடம், பந்தைத் தரையில் உருட்டிவிடு என்றார். தம்பியும் உருட்டினார். உருளுகிற பந்தில் சிக்ஸர் அடிக்க முடியுமா? விதியில் அதற்குத் தடை இல்லை. ஆனால் இரண்டு நாட்டிலும் பிரதமர்கள் வரைக்கும் பேசினார்கள். உருட்டுகிற பந்துக்கு ஒருநாள் ஆட்டத்தில் தடை வந்தது.

1992 உலகக்கோப்பை அரையிறுதி, சிட்னி. தென்னாப்பிரிக்காவுக்குப் பதின்மூன்று பந்தில் இருபத்திரண்டு ரன் வேண்டும். மழை வந்தது. மழை விட்டபோது என்ன ஆனது? ஒரே பந்தில் இருபத்தொரு ரன்! அந்த அநியாயத்தைப் பார்த்த பிறகுதான் டக்வொர்த், லூயிஸ் என்ற இரண்டு புள்ளியியல் அறிஞர்களின் கணக்கு 1997இல் களத்துக்கு வந்தது. நம் நாட்டிலும் திருச்சூர் பொறியாளர் ஜெயதேவன் தன் பங்குக்கு ஒரு கணக்குப் போட்டார். தமிழ்நாடு பிரீமியர் லீகில் மழை வந்தால் அவர் கணக்குதான். நான் சொன்னேனே, 2019இன் பவுண்டரிக் கணக்கு? அதே ஆண்டு அக்டோபரில் அதையும் தூக்கி எறிந்தார்கள். இப்போது முடிவு தெரிகிறவரை சூப்பர் ஓவர்.

புரிகிறதா? நிஜ ஆட்டத்தின் ஒவ்வொரு விதியும் ஒரு பழைய சண்டையின் தழும்பு. யாரோ ஏமாற்றினார்கள், யாரோ ஏமாந்தார்கள், யாரோ நெஞ்சு பொறுக்காமல் கத்தினார்கள். அதன் பிறகு ஒரு கோடு போட்டார்கள்.

க்விடிச்சுக்கு அந்தத் தழும்பு இல்லை. ஏன்? அந்த விதிகளை எதிர்த்துக் கத்த ஆளில்லை. ரௌலிங் கெட்டிக்காரர், அவருக்கே இது தெரியும். அந்த ஆட்டத்தைப் பற்றித் தனியாக எழுதிய சிறு நூலில், எழுநூறு வகைத் தவறுகள் உண்டு, அத்தனையும் 1473ஆம் ஆண்டின் ஒரே இறுதி ஆட்டத்தில் நடந்தன என்று கிண்டல் செய்கிறார். நாலாம் நாவலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். உலகக்கோப்பையில் பல்கேரியாவின் க்ரம் தங்கப் பந்தைப் பிடித்துவிடுகிறான். ஆனாலும் அயர்லாந்து 170க்கு 160 என்று ஜெயிக்கிறது. கணக்கைத் தெரிந்துதான் எழுதுகிறார். ஆனால் அவருக்கு வேண்டியது கதை. ஒரு சிறுவன், ஒரு கணம், ஒரு பிடி. கதைக்கு அந்த நூற்றைம்பது சரி. ஆட்டத்துக்கு?

ஆட்டத்துக்குச் சரிப்படாது என்று காட்டியவர்கள் யார் தெரியுமா? அந்த நாவலைப் படித்து வளர்ந்த பிள்ளைகளேதான்! 2005இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், மிடில்பரி கல்லூரி மாணவர்கள் க்விடிச்சைத் தரையில் ஆடிப் பார்த்தார்கள். பறக்க முடியாது, கால்களுக்கு நடுவே ஒரு கோலை இடுக்கிக்கொண்டு ஓடினார்கள். முரட்டுப் பந்து பட்டவர் கோலை விட்டிறங்கி, தன் பக்கத்து வளையத்தைத் தொட்டுவிட்டு வர வேண்டும். தங்கப் பந்துக்கு என்ன செய்வது? மஞ்சள் உடை போட்ட ஒரு ஆளை ஓடவிட்டார்கள். அவர் இடுப்புக்குப் பின்னால் ஒரு காலுறை தொங்கும், அதற்குள் டென்னிஸ் பந்து. அதைப் பிடுங்க வேண்டும்.

ஆடத் தொடங்கியதும் என்ன வந்தது? சண்டை வந்தது. நூற்றைம்பது புள்ளி நின்றதா? நிற்கவில்லை. முப்பதாகக் குறைந்தது. மஞ்சள் ஆள் ஆட்டம் கொஞ்ச நேரம் நடந்த பிறகே உள்ளே வர வேண்டும் என்றானது. களத்தில் ஒரே பாலினத்தவர் நான்கு பேருக்குமேல் இருக்கக் கூடாது என்று நாவலில் இல்லாத விதி ஒன்று வந்தது. நாடுகளுக்கிடையே உலகக்கோப்பை நடந்தது. 2016இல் பிராங்பர்ட்டில் அமெரிக்காவை ஆஸ்திரேலியா தோற்கடித்தது. 2022இல் பெயரையே மாற்றி குவாட்பால் என்று வைத்தார்கள். க்விடிச் என்ற பெயரின் வணிக உரிமை திரைப்பட நிறுவனத்திடம் இருந்தது ஒரு காரணம். திருநர்களைப் பற்றி ரௌலிங் சொன்ன கருத்துகள் அவர்களுக்கு ஒப்பவில்லை என்பது இன்னொரு காரணம். பார்த்தீர்களா? பெற்ற தாயோடும் சண்டை போட்டுத் தனிக்குடித்தனம் போய்விட்டது அந்த ஆட்டம். அப்போதுதான் அது நிஜ விளையாட்டானது.

அந்த மஞ்சள் ஆளைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அவர் இந்த அணியும் இல்லை, அந்த அணியும் இல்லை. அவரிடம் இருப்பதை எல்லோரும் பிடுங்கப் பார்க்கிறார்கள். இப்படி ஒரு ஆட்டம் உலகத்தில் வேறெங்கே உண்டு என்று தேட வேண்டாம். இந்த மண்டபத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். சந்திரகிரி மண்டலம், ரங்கம்பேட்டை!

பொங்கல் சமயத்தில் அங்கே பசுவுல பண்டுக. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பைச் சீவி, வர்ணம் அடித்து, கொம்பில் ஒரு பலகையைக் கட்டுகிறார்கள். பலகையில் சாமி படம் இருக்கும், சினிமா நடிகர் இருப்பார், கட்சித் தலைவர் இருப்பார். பணமும் துணியும் சேர்த்துக் கட்டுவதும் உண்டு. கூட்டம் தெருவின் இரண்டு பக்கமும் நிற்கிறது. மாடுகளைக் கூட்டமாக அவிழ்த்துவிடுகிறார்கள். மாடு பாய்ந்து வரும்போது இளவட்டங்கள் குறுக்கே விழுந்து அந்தப் பலகையைப் பறிக்க வேண்டும். பறித்தவன் வீரன். ரௌலிங் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே தங்கப் பந்து இங்கே நாலு காலில் ஓடிக்கொண்டிருந்தது!

எல்லையைத் தாண்டி மதுரைப் பக்கம் போங்கள். அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம். அதே பொங்கல், அதே காளை, விதி வேறு. வாடிவாசலிலிருந்து ஒவ்வொரு காளையாக வரும். திமிலை மட்டும் பிடிக்க வேண்டும். வாலைப் பிடித்தால் தப்பு, கொம்பைப் பிடித்தால் தப்பு. மூன்று துள்ளலுக்கு விடாமல் தொங்கினால் மாடுபிடி வீரனுக்குப் பரிசு. யாருக்கும் பிடிகொடுக்காமல் போனால் காளைக்குப் பரிசு. நடுவே இருக்கிற எல்லையும் ஒரே இடத்தில் நின்றதில்லை. 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து உருவானது சித்தூர் மாவட்டம். 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது. கோடுகள் மாறின. கோட்டுக்கு இரண்டு பக்கமும் காளையோடு மல்லுக்கு நிற்கிற ஆசை மட்டும் மாறவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மஞ்சள் உடை ஆளுக்கு வாய் இருக்கிறது. "இடுப்பைப் பிடித்து இழுக்காதே" என்று அவர் கத்துவார்; விதி மாறும். காளை கத்தினால் யாருக்குப் புரியும்? அதற்காக மற்றவர்கள் வழக்காட வேண்டியிருந்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது. 2017 ஜனவரியில் மெரினா கடற்கரையில் இளைஞர்கள் திரண்டார்கள். தமிழ்நாடு திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. கால்நடை மருத்துவர் சோதனை வந்தது, தடுப்பு வேலி வந்தது. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. காளைக்காகப் பேசியவர்களும் நம்மவர்கள்தான், ஆட்டத்துக்காகப் பேசியவர்களும் நம்மவர்கள்தான். இரண்டு தரப்பும் மோதியதால்தான் ஆட்டத்துக்கு ஒரு ஒழுங்கு வந்தது. மாடு முட்டி நம் பிள்ளைகள் காயப்படுகிற தெருக்களிலும் அந்தப் பேச்சு நடக்க வேண்டும். கேட்பதற்குக் கசப்பாக இருந்தாலும் நடக்க வேண்டும்.

நண்பர்களே, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்விட்டோம். இனி நம் தெருவுக்கே திரும்புவோம். விதி செய்வதில் நம் பிள்ளைகளை மிஞ்ச ஆள் உண்டா? பந்து மாடியில் விழுந்தால் அவுட். சுவரில் பட்டு வந்ததை ஒற்றைக் கையில் பிடித்தால் அவுட். முதல் பந்து ட்ரையல். ஆள் ஒற்றைப்படையாக வந்தால் ஒருவன் இரண்டு பக்கமும் பேட்டிங் பிடிப்பான். அவன் பெயர் ஜோக்கர். இதெல்லாம் யார் எழுதிக் கொடுத்தது? எந்தச் சங்கம், எந்த கவுன்சில்?

ஆயிரம் விதியிலும் என் மனத்துக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. அண்ணன் ஆட வருகிறான். பின்னாலேயே அஞ்சு வயசுத் தம்பியும் வருகிறான். சேர்த்தால் ஆட்டம் கெடும். சேர்க்காவிட்டால் அவன் அழுவான். வீட்டில் அம்மா உதைப்பாள். என்ன செய்வது? பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். "இவன் உப்புக்குச் சப்பாணி!" அவனும் ஓடலாம், தொடலாம், கத்தலாம். அவுட்டானாலும் அவுட் இல்லை. மந்திர உலகத்தின் எழுநூறு தவறுகளைப் பட்டியல் போட்டாலும் இப்படி ஒரு விதி அதில் கிடைக்குமா? பலவீனமானவனையும் வெளியே தள்ளாமல் ஆட்டையில் சேர்த்துக்கொள்ள எட்டு வயதுப் பிள்ளைகள் செய்த சட்டம் அது.

எல்லாச் சண்டையும் விதியாக முடிவதில்லை. சில சண்டைகள் வெட்டுக்குத்தில் முடிகின்றன, சில சண்டைகள் பேச்சுவார்த்தை அறுந்து முடிகின்றன. ஆட்டக்களத்துச் சண்டை மட்டும் ஏன் விதியாக முடிகிறது? மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் நாளைக்கு யாரோடு ஆடுவான்? எனக்கு நீ வேண்டும், உனக்கு நான் வேண்டும். நாளைக்கும் ஆட வேண்டும் என்ற ஆசைதான் இரண்டு பேரையும் உட்கார வைத்து ஒரு கோடு போட வைக்கிறது. க்விடிச்சுக்கு நாவலில் கிடைக்காத பொருள் இதுதான். ஹாரிக்கு அடுத்த ஆட்டம் வேண்டுமானால் ஆசிரியை எழுதினால் போதும். நமக்கு அடுத்த ஆட்டம் வேண்டுமானால் எதிராளி வர வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் மைதானத்தில் கத்திச் சண்டை போட்டால் உடனே விசில் ஊதிக்கொண்டு ஓடாதீர்கள். கைகலப்பு வராத வரைக்கும் பொறுங்கள். அங்கே ஒரு சட்டமன்றம் நடக்கிறது. காலையில் டியூஷன், மாலையில் கோச்சிங் என்று பிள்ளையின் நேரம் முழுவதையும் நிரப்பி, எல்லா விதியையும் நாமே எழுதிக் கையில் கொடுத்துவிட்டால், அவன் எப்போது விதி செய்யக் கற்றுக்கொள்வான்?

இளைய நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தாத்தாவைக் கேளுங்கள், பாட்டியைக் கேளுங்கள். குப்பத்தில் கிட்டிப்புள் எப்படி ஆடினார்கள்? நகரியில் எப்படி ஆடினார்கள்? எத்தனை அடிக்கு அளந்தார்கள், தோற்றவனுக்கு என்ன தண்டனை, பாண்டி ஆட்டத்தில் எந்தக் கட்டத்தில் இரண்டு காலும் ஊன்றலாம்? ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து எழுதி வையுங்கள். தமிழில் சொன்னால் தமிழில், தெலுங்கில் சொன்னால் தெலுங்கில். அந்த விதிகளுக்கு அச்சுப் புத்தகம் கிடையாது; ஆடியவர்களின் நினைவுதான் புத்தகம். அந்த நினைவு வயசாகிக்கொண்டே போகிறது.

எழுதி வைத்துவிட்டு மைதானத்துக்குப் போங்கள். பழைய விதி பொருந்தவில்லையா, மாற்றுங்கள். மாற்றச் சண்டை வருமா, வரட்டும். வாதாடுங்கள், விட்டுக்கொடுங்கள், ஒரு முடிவுக்கு வாருங்கள். உப்புக்குச் சப்பாணியாக வருகிற தம்பியையும் தங்கையையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்குத் தோற்றவன் நாளைக்கும் அதே மைதானத்துக்கு வருகிறான் என்றால், நீங்கள் செய்த சட்டம் நல்ல சட்டம்.